மருந்துக்கும் ஆயுள் உண்டு

மலாக்கா மாநிலத்தில் விரைவாக மாறிவரும் வட்டாரங்களுள் செங்கும் ஒன்று. தோட்டங்கள் இருந்த இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் கடைவீடுகளும் தொழிற்சாலைகளும் எழுந்துள்ளன. முன்பு காய்ச்சல் கண்ட தொழிலாளி தோட்டத்து மருத்துவமனையை மட்டுமே நம்பியிருந்தார். இன்று கடைவரிசைக்கு ஒரு கிளினிக்கும் ஒரு மருந்தகமும் இருக்கின்றன. மருந்து இவ்வளவு எளிதில் கிடைப்பது நம் தலைமுறை பெற்ற பேறு. ஆயினும், எளிதில் கிடைக்கும் பொருளின் அருமை எளிதில் மறந்துபோகிறது. தொண்டை சற்றுக் கரகரத்தாலும் “எண்டிபயோடிக் கொடுங்கள், டாக்டர்” என்று கேட்டு வாங்குகிறோம். இரண்டு நாளில் உடல் தேறியதும் எஞ்சிய மாத்திரைகளை அலமாரியில் பத்திரப்படுத்துகிறோம். அடுத்த முறை வீட்டில் வேறொருவருக்குக் காய்ச்சல் வந்தால், அவற்றையே எடுத்துக் கொடுக்கிறோம்.

இவை ஒரு குடும்பத்தின் சொந்த விவகாரங்கள் என்று பலர் நினைக்கின்றனர். என் கருத்து அதுவன்று. பாக்டீரியாக் கிருமிகளை அழிக்கும் எண்டிபயோடிக் மருந்து ஊர்ப் பொதுக் கிணற்றைப் போன்றது. ஒருவர் அதைக் கெடுத்தால் அனைவருக்கும் கெடுகிறது. தலைவலி மாத்திரையை ஒருவர் தவறாக உட்கொண்டால் தீங்கு அவரோடு முடிந்துவிடும். எண்டிபயோடிக்கைத் தவறாக உட்கொண்டால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் அவர் உடலில் பெருகி அடுத்தவருக்கும் பரவக்கூடும். குளோரம்பெனிகால் என்னும் மருந்தின் வரலாறு இந்த உண்மையை நன்கு விளக்கும். அவ்வரலாற்றின் முக்கியமான ஒரு பகுதி நம் நாட்டிலேயே நிகழ்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவின் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் உருவாகின. நிலத்தைத் திருத்திய தொழிலாளர்களுள் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையினர். லாலான் புல்லும் புதரும் மண்டிய இடங்களில் வேலை செய்தவர்களை ஒரு கடுமையான காய்ச்சல் தாக்கியது. எலிகளின் மீதும் புல்லிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள சிற்றுண்ணிகள் கடிப்பதால் அக்காய்ச்சல் பரவியது. தமிழில் அதை உண்ணிக் காய்ச்சல் என்பர். கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் லூத்வெய்ட், சாவூர் ஆகிய ஆய்வாளர்கள் 1930களில் இந்நோயைப் பற்றி ஆழமாக ஆராய்ந்தனர். நோயின் தன்மை விளங்கியது. ஆனால், அதைத் தீர்க்கும் மருந்து மட்டும் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலும் நியூகினியிலும் போரிட்ட படைவீரர்களையும் இக்காய்ச்சல் வாட்டியது. அதனால், உலகின் பிற ஆய்வாளர்களும் இதன்மீது கவனம் செலுத்தத் தொடங்கினர்.

தென் அமெரிக்காவிலுள்ள வெனிசுவெலா நாட்டின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1947இல் குளோரம்பெனிகால் பிரித்தெடுக்கப்பட்டது. அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் நடந்த சோதனைகள் நம்பிக்கை தந்தன. எனினும், நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தாலன்றி ஒரு மருந்தின் ஆற்றலை உறுதிசெய்ய இயலாது. உண்ணிக் காய்ச்சல் நோயாளிகள் எங்கே இருக்கின்றனர்? நோயை அறிந்த ஆய்வாளர்கள் எங்கே இருக்கின்றனர்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடையாக அமைந்தது கோலாலம்பூர். 1948ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜோசப் ஸ்மாடல் தலைமையில் அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று இங்கு வந்து, மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து பணியாற்றியது.

முடிவு வியப்பளித்தது. மருந்து உட்கொண்ட நோயாளிகளின் காய்ச்சல் ஓரிரு நாள்களில் தணிந்தது. அதைவிடப் பெரிய வியப்பு எதிர்பாராத வகையில் வந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்ட ஒரு சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு காய்ச்சல் எனப் பின்னர் தெரியவந்தது. அவர்களும் தேறினர்! அதுவரை டைபாய்டுக்குப் பயன்தரும் மருந்தே உலகில் இல்லை. மூன்று நான்கு வாரங்கள் நீடிக்கும் அக்காய்ச்சல், நோயுற்ற பத்துப் பேரில் ஒருவரையோ அதற்கும் மேற்பட்டோரையோ பலிகொண்டு வந்தது. உடனே டைபாய்டு நோயாளிகள் பத்துப் பேருக்கு முறையாக மருந்து கொடுத்துக் கவனித்தனர். மூன்று நான்கு நாள்களில் காய்ச்சல் இறங்கியது. மருந்தை நிறுத்திய பின் சிலருக்குக் காய்ச்சல் திரும்பியது. மீண்டும் மருந்து கொடுத்ததும் குணமாயிற்று. மருந்தை எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

அந்த ஆய்வுக் கட்டுரைகளில் அமெரிக்கர்களின் பெயர்களோடு சாவூர், மங்கிகர் போன்ற இங்குப் பணியாற்றிய மருத்துவர்களின் பெயர்களும் இடம்பெற்றுள்ளன. நோயாளிகளின் பெயர்களைக் கட்டுரைகள் சொல்வதில்லை. ஆனால், புதிய மருந்தை ஏற்று உலகுக்கு வழிகாட்டியவர்கள் இந்த மண்ணின் மருத்துவமனைகளில் படுத்திருந்தவர்கள்தாம். வளரும் நாடுகள் பிறர் கண்டுபிடித்த மருந்தை வாங்கி உண்பவை மட்டுமே என்று எண்ணுவது தவறு. டைபாய்டைக் குணப்படுத்தலாம் என்ற செய்தி கோலாலம்பூரிலிருந்துதான் உலகுக்குச் சென்றது.

இனி, அம்மருந்துக்கு நேர்ந்த கதியைப் பார்ப்போம். 1949இல் அதனை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாக உருவாக்கும் வழி கண்டறியப்பட்டது. விலை குறைந்தது, உற்பத்தி பெருகியது. டைபாய்டு போன்ற கொடிய நோய்களுக்காக வந்த மருந்து சாதாரணச் சளிக்கும் தொண்டை வலிக்கும் அள்ளிக் கொடுக்கப்பட்டது. பல நாடுகளில் மருத்துவச் சீட்டு இல்லாமலே கடைகளில் கிடைத்தது. அரிதாகச் சிலருக்கு எலும்பு மச்சையைப் பாதித்து உயிருக்கே ஆபத்தை விளைவிப்பது தெரியவந்த பிறகுதான் செல்வந்த நாடுகள் அதன் பயன்பாட்டைக் குறைத்தன. பிற இடங்களில் அது டைபாய்டின் முதன்மை மருந்தாக நீடித்தது. 1972இல் மெக்சிகோவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் டைபாய்டால் பாதிக்கப்பட்டனர். வழக்கமான குளோரம்பெனிகால் அவர்களிடம் பலிக்கவில்லை. அதே ஆண்டில் இந்தியாவின் கேரள மாநிலம் கோழிக்கோட்டிலும் அந்த மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியது. கோலாலம்பூரில் வியப்பை ஏற்படுத்திய மருந்து, கால் நூற்றாண்டுக்குள் பல இடங்களில் வலுவிழந்து நின்றது.

அதன் பிறகு நடந்தது ஒரு தொடர் ஓட்டம். வேறு மருந்துகள் வந்தன. 1980களின் இறுதியில், அதுவரை டைபாய்டுக்குக் கொடுக்கப்பட்ட மூன்று முக்கிய மருந்துகளையும் ஒருங்கே எதிர்க்கும் கிருமி தெற்காசியாவில் பரவியது. மருத்துவர்கள் அடுத்த வகை மருந்துக்கு மாறினர். 1990களில் கிருமிகள் அதையும் எதிர்க்கத் தொடங்கின. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் பரவத் தொடங்கிய டைபாய்டுக் கிருமி இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதனிடம் பலிக்கக்கூடிய வாய்வழி மருந்தாக ஏறத்தாழ ஒன்று மட்டுமே எஞ்சியது. மனிதன் ஒரு படி ஏறினால் கிருமியும் ஒரு படி ஏறுகிறது.

கிருமிக்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? பாக்டீரியாக்கள் மிக விரைவாகப் பெருகுபவை. ஏற்ற சூழலில் சில வகைகள் இருபது நிமிடத்திற்கு ஒரு முறை இரட்டிப்பாகும். இலட்சக்கணக்கில் பெருகும்போது, தற்செயலாக ஒன்றிரண்டு மருந்தைத் தாங்கும் தன்மையுடன் பிறக்கின்றன. மருந்து இல்லாத இடத்தில் அவற்றுக்குத் தனிச் சிறப்பு எதுவுமில்லை. ஆனால், மருந்து உட்கொண்டவுடன் மற்றவை மடிகின்றன. தாங்கும் வலிமையுடையவை தப்பிப் பிழைத்துக் காலியான இடம் முழுவதையும் நிரப்புகின்றன. அதோடு நில்லாமல், மருந்தை எதிர்க்கும் மரபணுவை ஒரு பாக்டீரியா மற்றொன்றுக்குக் கொடுக்கவும் வல்லது. நம் குடலில் வாழும் தீங்கற்ற பாக்டீரியாகூட அந்த மரபணுவைச் சேமித்து வைத்து நோய்க்கிருமிக்கு வழங்கிவிடலாம். ஆகவே, எண்டிபயோடிக்கிற்குப் பழகிப்போவது மனித உடலன்று. கிருமிகளே அதனை எதிர்த்து நிற்கக் கற்கின்றன. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வது மிகவும் முக்கியம்.

சளி, இன்புளுவன்சா, டிங்கி ஆகியவை வைரஸால் உண்டாகும் நோய்கள். எண்டிபயோடிக் வைரஸை அழிப்பதில்லை. எனவே, சளிக்காக அதை உட்கொள்பவர் நோயைத் தீர்க்கவில்லை. உடலிலுள்ள பாக்டீரியாக்களுக்கு எதிர்ப்புப் பயிற்சி அளிக்கிறார், அவ்வளவுதான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி இங்கு முற்றிலும் பொருந்துகிறது. அளவு குறைந்தாலும் ஆபத்து உண்டு. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்து உட்கொள்வது கிருமிகளுக்கு எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொடுத்துவிடும் என எச்சரித்தார்.

அந்த எச்சரிக்கையை உலகம் போதிய அளவு பொருட்படுத்தவில்லை. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாகி ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாக ஓர் உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. இறப்பு விகிதம் மிக அதிகமாக இருந்த வட்டாரம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கு எண்டிபயோடிக் அளவுக்கு மீறி உண்ணப்படுவது மட்டுமே காரணமன்று. நல்ல குடிநீர் இல்லை. நோயைக் கண்டறியும் ஆய்வுக்கூடங்கள் போதவில்லை. முதல் மருந்து பலிக்காதபோது அடுத்த மருந்தை வாங்க வசதியில்லை. அதாவது, மருந்துகள் வலுவிழக்கும்போது முதலில் உயிரிழப்பவர்கள் ஏழைகளே.

நம் நாட்டின் நிலை என்ன? 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்படி, மருத்துவரின் சீட்டின்றி மருந்தகங்கள் எண்டிபயோடிக் விற்கக் கூடாது. கால்நடைகளுக்கு நோயில்லாதபோதும் தீவனத்தில் எண்டிபயோடிக் கலப்பது உலகெங்கும் பெரும் சிக்கலாக உள்ளது. மனிதர்களின் கடைசிப் புகலிடமாகக் கருதப்படும் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை மலேசியா 2019இல் தடைசெய்தது. சுகாதார அமைச்சும் கால்நடைத் துறையும் இணைந்து 2017 முதல் தேசியச் செயல்திட்டம் ஒன்றை நடத்திவருகின்றன. மருத்துவமனைகளில் எந்தக் கிருமி எந்த மருந்தை எதிர்க்கிறது என்ற தகவலை மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொகுக்கிறது. இவை பாராட்டத்தக்க முயற்சிகள். எனினும், அலமாரியில் ஒளித்து வைத்த பாதி அட்டை மாத்திரையை எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்க முடியாது. அங்குதான் நம் பொறுப்பு தொடங்குகிறது.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். “தினக்கூலிக்காரர் எத்தனை நாள் வீட்டில் ஓய்வெடுப்பார்? விரைவாகக் குணமாக வலுவான மருந்து கேட்பதில் என்ன தவறு?” என்பது அவர்களின் வாதம். இந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்கள் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால், காத்திருக்கும் நேரம் அரைநாள் சம்பளத்தை விழுங்கிவிடலாம். அதனால், பழைய மாத்திரையைத் தேடுவது இயல்பு. ஆயினும், வைரஸ் காய்ச்சலுக்கு உண்ணும் எண்டிபயோடிக், குணமாகும் நாளை ஒரு மணி நேரம்கூட முன்னால் கொண்டுவராது. அவருக்குத் தேவை வலுவான மருந்தன்று; உடல்நலம் குன்றிய நாளில் ஊதியம் இழக்காமல் ஓய்வெடுக்கும் உரிமையும், காத்திருப்பைக் குறைக்கும் மருத்துவச் சேவையுமே. முதலாளிகளும் அதிகாரிகளும் இவ்விரண்டையும் கவனிக்காமல் தொழிலாளியை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது.

மருத்துவர்களின் தடுமாற்றத்தையும் நாம் உணர வேண்டும். முன்னால் அமர்ந்திருப்பவரின் காய்ச்சலுக்குக் காரணம் வைரஸா, பாக்டீரியாவா என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. ஐயம் வரும்போது எண்டிபயோடிக் எழுதிக் கொடுப்பது பாதுகாப்பாகத் தோன்றும். வள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்து, நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே சிகிச்சை செய்ய வேண்டும் என்று அறிவுறுத்துகிறார். காரணத்தை விரைவாகக் கண்டறியும் கருவி இருந்தால், வீணாகும் மருந்து பெருமளவு குறையும். இதற்கு ஆராய்ச்சி வேண்டும். அதுவும், நோய் இருக்கும் இடத்திலேயே நடக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. கிளந்தான் மாநிலத்தில் டைபாய்டு நெடுங்காலமாகத் தொல்லை தந்துவந்தது. இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையே நம்பகமானது. ஆனால், அதற்குப் பல நாள்கள் ஆகும். கிளந்தானில் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்தில் பேராசிரியர் அஸ்மா இஸ்மாயில் குழுவினர், சில மணி நேரத்தில் முடிவு தரும் ‘டைபிடாட்’ என்ற சோதனையை 1990களில் உருவாக்கினர். அது பல வளரும் நாடுகளுக்கும் சென்றது. டைபாய்டு அருகிவிட்ட செல்வந்த நாடுகளில் இத்தகைய கருவியின் தேவையை யார் உணர்ந்திருப்பார்கள்? சுட்ட விரலுக்குத்தானே சூட்டின் வேதனை தெரியும்.

தமிழகமும் இத்துறையில் பங்காற்றியுள்ளது. மிக வலிய எண்டிபயோடிக் மருந்துகளையும் சிதைத்துவிடும் ஒரு புதிய மரபணு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை 2010இல் ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அந்த மரபணுவுக்குப் புதுடில்லியின் பெயர் சூட்டப்பட்டதால் எதிர்ப்பு எழுந்தது. நாட்டின் நற்பெயர் கெடும் எனச் சிலர் வருந்தினர். ஆனால், உண்மை வெளிவந்ததால் நன்மையே விளைந்தது. 2012இல் மருத்துவ அமைப்புகள் கூடி, எண்டிபயோடிக் பயன்பாட்டை நெறிப்படுத்தக் கோரும் ‘சென்னைப் பிரகடனத்தை’ வெளியிட்டன. 2014இல் இந்திய அரசு சில முக்கிய எண்டிபயோடிக் மருந்துகளின் விற்பனைக்குக் கடுமையான விதிகளை நடைமுறைப்படுத்தியது. நோயை மறைப்பதால் எந்த நாட்டுக்கும் பெருமை வந்துவிடாது.

“பழைய மருந்து போனால் என்ன? புதியதைக் கண்டுபிடிக்கட்டுமே!” என்று கேட்கலாம். புதிய எண்டிபயோடிக்கைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகளும் பெருந்தொகையும் தேவை. நீரிழிவு மருந்தை ஒருவர் வாழ்நாள் முழுவதும் வாங்குவார். எண்டிபயோடிக்கையோ சில நாள்களுக்கு மட்டுமே வாங்குவார். புதிய மருந்தை மிக அவசியமானால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பதும் விதி. இதனால் இலாபம் குறைவு என்று பல பெரிய நிறுவனங்கள் இத்துறையைவிட்டு விலகிவிட்டன. ஆகவே, கையிலிருக்கும் மருந்துகளைக் காப்பதே அறிவுடைமை.

காக்க முடியுமா? முடியும் என்பதற்குக் குளோரம்பெனிகாலே சான்று. அதன் பயன்பாடு பல்லாண்டுகள் குறைந்திருந்ததால், இந்தியாவின் பல பகுதிகளில் டைபாய்டுக் கிருமிகள் மீண்டும் அந்த மருந்துக்கு அடங்கும் தன்மையைப் பெற்றிருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். எல்லாக் கிருமிகளிடமும் இந்த மாற்றம் நிகழும் என்று கூற இயலாது. இருப்பினும், ஒரு மருந்துக்கு ஓய்வு கொடுத்தால் அதன் ஆயுள் நீளக்கூடும் என்ற நம்பிக்கையை இது தருகிறது.

மருந்தே தேவைப்படாத நிலையை உருவாக்குவது இன்னும் சிறந்தது. டைபாய்டு அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் நோய். தோட்டத்து லயன் வீடுகளுக்குக் குழாய் நீரும் முறையான கழிப்பறையும் வந்தது எத்தனையோ மருந்துப் புட்டிகளுக்கு ஈடான நன்மை. கை கழுவுதல், உணவைத் தூய்மையாகக் கையாளுதல், தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் ஆகியவை எண்டிபயோடிக்கின் ஆயுளை மறைமுகமாக நீட்டிக்கும் செயல்களே. நோய் குறைந்தால் மருந்து குறையும். மருந்து குறைந்தால் கிருமியின் எதிர்ப்பும் குறையும்.

மாணவர்களே, இந்தப் பணியில் உங்களுக்கும் பங்கு உண்டு. மருத்துவரிடம் எண்டிபயோடிக் கேட்டு வற்புறுத்தாதீர்கள், “இது பாக்டீரியாத் தொற்றுதானா?” என்று பணிவுடன் கேளுங்கள். கொடுத்த மருந்தை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை உட்கொள்ளுங்கள், நீங்களாகவே நிறுத்தாதீர்கள். பிறரோடு பகிராதீர்கள். வீட்டில் எஞ்சியிருப்பவற்றை அரசாங்க மருத்துவமனை அல்லது சுகாதாரக் கிளினிக்கின் மருந்தகப் பிரிவில் ஒப்படைக்கலாம். தாத்தா பாட்டிக்கு மருந்துச் சீட்டைப் படித்துத் தமிழில் விளக்கிச் சொல்வதும் ஒரு சேவையே. உங்களுள் சிலர் நாளை ஆய்வாளர்களாக வர வேண்டும் என்பதும் என் விருப்பம். நம் மண்ணின் நோய்களை நாம் ஆராயாவிட்டால் வேறு யார் ஆராய்வார்?

1948இல் கோலாலம்பூரில் தேறி எழுந்த அந்த நோயாளிகளுக்கு மருந்து பலித்ததற்குக் காரணம், அவர்களுக்கு முன் யாரும் அதை வீணடித்திருக்கவில்லை என்பதே. நமக்குப் பின் வருபவர்களும் அதே நிலையில் மருந்தைப் பெற வேண்டும். அதை அவர்களுக்கு விட்டுச் செல்வது நம் கடமை.